கவரத்திக்குக் கப்பல் ஏறுமுன்

அன்பு மகள் சங்கரிக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே மட்டாஞ்சேரியில் சுகமாக இருக்கிறோம், என் முழங்கால் வலிகூட இந்த மாதம் லீவு போட்டிருக்கிறது. அயர்லாந்துக் குளிரில் நீயும் மாப்பிள்ளை சுதர்ஷனும் காதை மூடிக்கொண்டு, வேளைக்குச் சாப்பிட்டு, ஒரு குறையும் இல்லாமல் இருக்க மாரியம்மனைக் கும்பிட்டுக்கொள்கிறேன். தினமும் போனில் பேசுகிறவள் எதற்குக் காகிதத்தில் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனை எடுத்தால் அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறார், இது அவர் காதில் விழக்கூடாத சங்கதி, அதனால்தான் சனிக்கிழமை அங்கே திரும்புகிற அடுத்த வீட்டு ஜிஷா கையில் கொடுத்து அனுப்புகிறேன். மலையாளம் போலத் தமிழ் உனக்கு வேகமாக வாசிக்க வராது, எழுத்துக்கூட்டி மெதுவாகப் படி.

நாங்கள் இருவரும் லட்சத்தீவு போகிறோம். எழுதும்போதே எனக்குச் சிரிப்பு வருகிறது. கவரத்தித் தீவுக்காரி சைனபி, புருஷனின் இடுப்பு ஆபரேஷனுக்காக வந்து நம் தெருக்கோடி லாட்ஜில் ஒன்றரை மாதம் இருந்தாள், நான் அவருக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்துவந்தேன். ஊர் திரும்புவதற்கு முந்தின நாள் நம் அடுப்படிக்கே வந்து அவள் சமைத்துப் போட்டாள். அரிசி மாவில் முட்டை அடித்து, வேட்டித் துணி போல மெல்லிசாக ஒன்று சுட்டாள், அதற்குக் கிலாஞ்சி என்று பெயர். வெல்லமும் வாழைப்பழமும் போட்ட தேங்காய்ப்பாலில் முக்கிச் சாப்பிட வேண்டும். மாசிக் கருவாட்டைத் தேங்காயோடு இடித்து இன்னொன்று. என் சமையலில் முப்பத்து மூன்று வருஷமாக உப்புக் குறை கண்டுபிடிக்கும் உன் அப்பா அன்றைக்கு வாயே திறக்கவில்லை, ஒன்பது கிலாஞ்சி தின்றார். அங்கே வந்தால் தினம் காலையில் இதுதான், அழைப்பும் தீவுக்குள் நுழைகிற பெர்மிட்டும் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், இரண்டு பேரும் வாருங்கள் என்றாள் சைனபி. கையைக் கழுவிக்கொண்டு வந்த அப்பா, எனக்குத் தண்ணி ஆகாது, நீ மட்டும் போயிட்டு வா என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார்.

உனக்குத்தான் தெரியுமே, எறணாகுளம் போக எல்லோரும் போட்டில் ஏறினால் அவர் மட்டும் தோப்பும்படி வழியாகச் சுற்றி பஸ்ஸில் வருவார். நானும் விடவில்லை, இரண்டு பேர் பெயரிலும் மனு கொடுத்தேன். பெர்மிட்டுக்குக் கேஸ் எதுவும் இல்லை என்று போலீஸ் சான்றிதழ் வேண்டுமாம். ஸ்டேஷனில் இருந்த போலீஸ் சாரே சிரித்துவிட்டார், முப்பது வருஷம் இந்த ரோட்டைக் கூட்டின சேச்சி மேல என்ன கேஸ் இருக்கும், போய் பீச்சில் சுகமா உட்காரு என்றார். கார்ப்பரேஷன் சீருடையைக் கழற்றி மூன்று மாதம் ஆகியும் அந்த வார்த்தை கேட்டபோதுதான் ரிட்டயர் ஆனது மாதிரி இருந்தது.

இதற்கு நடுவில் அப்பா தினமும் குடையை எடுத்துக்கொண்டு, வைட்டிலாவில் ஒரு ஆளைப் பார்க்கணும் என்று போக ஆரம்பித்தார். பத்து நாள் கழித்து, போட்டில் டிக்கெட் கொடுக்கும் ரதீஷ் சந்தையில் என்னைப் பிடித்து, சேச்சி, உங்க வீட்டு ராக்கப்பன் சேட்டனுக்கு என்ன ஆச்சு, தினம் போட்டில ஏறி நடுவுல உட்கார்ந்து கண்ணை மூடிக்கிறார், அக்கரை போனதும் இறங்காம அப்படியே திரும்பி வர்றார் என்றான். மறுநாள் நானும் பின்னாலேயே போய் ஏறி, சத்தம் காட்டாமல் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். போட் கிளம்பினதும் கண் திறந்து என்னைப் பார்த்தார். கோபப்படுவார் என்று பார்த்தால், என் கையைப் பிடித்துக்கொண்டு, பாண்டியராஜன் காய்ச்சல்ல சாகலை கற்பகம் என்றார். அவர் தம்பியைப் பற்றி நம் வீட்டில் எல்லோரும் சொன்னது காய்ச்சல் என்றுதானே. இரண்டு பேரும் சிறுவர்களாக இருக்கும்போது சின்னத் தோணியில் போய்க் கவிழ்ந்திருக்கிறார்கள். பிடிச்சிருந்தேன், கை வழுக்கிடுச்சு என்று இரண்டு தரம் சொன்னார். நான் பிடித்த கையை விடவில்லை. எறணாகுளம் போட் ஜெட்டியில் இறங்கி ஆளுக்கு ஒரு சாயாவும் பரிப்புவடையும் சாப்பிட்டோம். முகம் கழுவிவிட்டு வந்தவர், இன்னொரு ட்ரிப் போகலாமா என்று கேட்டார். அன்றைக்கு நாலு ட்ரிப் போனோம் மகளே, கடைசி ட்ரிப்பில் ஜன்னலோரம் அவருக்குத்தான் வேண்டும் என்று ஒரே அடம்.

பிள்ளைகிட்ட சொல்லாதே என்றிருக்கிறார், அதனால் நீ ஒன்றும் தெரியாதவளாக இரு. அடுத்த வியாழக்கிழமை கப்பல். பூப்போட்ட சட்டை ஒன்றும் கறுப்புக் கண்ணாடியும் வாங்கி வைத்துக்கொண்டு கண்ணாடி முன்னால் நிற்கிறார். தம்பிக்குக் கடலில் கொஞ்சம் முல்லைப்பூ போட வேண்டும் என்றார், நானே கட்டித் தருகிறேன் என்றேன். கப்பலில் போன் கிடைக்காது, ஒரு நாள் சத்தம் இல்லையென்றால் பயந்து ஊரையெல்லாம் எழுப்பாதே. திரும்பும்போது மாசிக் கருவாடு கொண்டுவந்து உனக்கும் அனுப்புகிறேன்.

நீயும் மாப்பிள்ளையும் ஒற்றுமையாக, நிறைந்த ஆயுசோடு இருங்கள். நைட் டியூட்டிக்கு வெறும் வயிற்றோடு போகாதே. முக்கியமாக ஒன்று, நீ நர்ஸ்தானே, கடல் மயக்கத்துக்கு என்ன மாத்திரை என்று உடனே மெசேஜ் அனுப்பு. அப்பாவுக்கு இல்லை. நாலாவது ட்ரிப்பில் வாந்தி எடுத்தது நான்.

உன்னை நினைத்தபடியே,
அம்மா கற்பகம்