ஒரு ஆள் போதாத ரோலர்

786

5-3-1997

என் அன்புக்கும் மரியாதைக்கும் உரிய மச்சான் ஷேக் பரீத் அவர்களுக்கு, உங்கள் சாஜிதா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே மாமி, ஜெக்கரியா தம்பி, நம் மகள் சுமையா, நான் எல்லோரும் அல்லாஹ்வின் கருணையால் சுகம். தம்மாமில் வெயில் ஏறுவதற்குள் உங்கள் இருமல் இறங்கிவிட வேண்டும் என்று ஐந்து வேளையும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் கடிதம் கிடைத்தது. மூன்று பக்கம். மூன்று பக்கமும் ரோலர். நம் ஊர் கிரிக்கெட் கிளப்புக்கு ரோலர் வாங்க வேண்டும், திடலில் பந்து ஒன்று முட்டிக்கும் ஒன்று மூக்குக்கும் போகிறது, இனி பொறுக்க முடியாது என்று எழுதியிருந்தீர்கள். எல்லாம் சரி. வருகிற ஹஜ்ஜுப் பெருநாளோடு ஊருக்கே வந்துவிடுகிறேன், திரும்பப் போகமாட்டேன் என்று போன தடவை கிளம்பும்போது சொன்னீர்களே, அதைப் பற்றி ஒரு வரி இல்லை. தாளைத் திருப்பிப் பார்த்தேன். உறைக்குள்ளும் விரலை விட்டுப் பார்த்தேன்.

கம்பெனியில் இன்னும் இரண்டு வருடத்துக்கு உங்களிடம் கையெழுத்துக் கேட்கிறார்கள் என்று மீரா உசேன் காக்கா லீவில் வந்தபோது மாமியிடம் சொல்லிவிட்டுப் போனார். நான் அடுப்படியில் இருந்தேன், காதில் விழுந்தது. பக்கத்து வீட்டுக் கமருன்னிஸா மாமியின் ஃபோனில் அதை உங்களிடம் எப்படிக் கேட்பேன்? அங்கே நான் ஹலோ என்றாலே அந்த வீட்டுப் பூனை வரைக்கும் வந்து உட்கார்ந்து கேட்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் உங்கள் ரோலர் விஷயம். கிளப் இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது, சாஜிதா இரும்புக்கடை வீட்டுப் பெண், எடை தெரிந்தவள், அவள் சொல்வதே முடிவு என்று எழுதிவிட்டீர்கள். கடிதத்தை ஜெக்கரியா படித்ததும் அவ்வளவுதான், எல்லோரும் நம் வாசலுக்கு வந்துவிட்டார்கள். மாமி டீ போட்டே ஓய்ந்து போனார்.

நீங்கள் என்ஜின் வைத்த ரோலர்தான் வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். பஞ்சநதம் ஐயா மகன் பரணிதரனும் அதே கட்சி. தஞ்சாவூரில் கம்ப்யூட்டர் படிப்பதால் அவனுக்குக் கையால் இழுப்பது என்றாலே கேவலம். ரோடு போடுகிற ஒரு காண்டிராக்டரிடம் சொல்லி, சின்ன என்ஜின் ரோலர் ஒன்றை ஒருநாள் ஓட்டிப் பார்க்கக் கொண்டுவந்துவிட்டான்.

இதில் நடராசன் அண்ணன் செய்த வேலையைக் கேளுங்கள். ரோலர் வருகிறது என்றதும், தலைவர் நான்தானே என்று, யாரிடமும் சொல்லாமல் பிட்சைத் தயார் செய்துவிட்டார். எப்படி? வயல்காரரான அவருக்குத் தெரிந்த விதத்தில்தான். சுற்றி வரப்புக் கட்டி, பம்புசெட் தண்ணீரை விட்டு, சேறடித்து, பரம்புப் பலகை ஓட்டி, கண்ணாடி போல நிரவிவிட்டார். நாற்றங்காலுக்கு இதைவிட மேலாக ஒருவன் செய்ய முடியாது. மேலே காய்ந்து வெளுத்திருந்ததைப் பார்த்து எல்லோரும் சபாஷ் போட்டார்கள். என்ஜின் ரோலர் ஏறியது. பாதி தூரம் அழகாகப் போனது. பிறகு மாடு படுப்பது போல மெதுவாக ஒரு பக்கமாகப் படுத்துவிட்டது. கீழே முழுக்கச் சேறு. டிராக்டர் வைத்து இழுத்து வெளியே எடுத்தார்கள். பிட்ச் நடுவில் ஒரு வாய்க்கால் விழுந்துவிட்டது. நடராசன் அண்ணன் இரண்டு நாள் நம் தெருப் பக்கமே வரவில்லை. நான்தான் ஆள் அனுப்பிக் கூப்பிட்டேன். மனசுக்குள் சிரித்தாலும் பாவமாக இருந்தது.

அடுத்தது கல் ரோலர். பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கிடப்பதைத் தருகிறோம் என்றார்கள். நல்ல கருங்கல். ஆனால் அதை அசைக்கவே எட்டுப் பேர் வேண்டும். முன்பு நீங்கள் எட்டுப் பேர் இருந்தீர்கள். இப்போது யார் இருக்கிறார்கள்? ஒருவர் சிங்கப்பூர், ஒருவர் குவைத், இரண்டு பேர் திருப்பூர். உங்கள் கூட்டத்தில் மிச்சமிருந்த சலாஹுதீன்கூட பாஸ்போர்ட் எடுத்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்குப் பதினோரு பேர் சேர, பந்து பொறுக்குகிற பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்கிறார்கள்.

அதனால் நான் சொன்னது இரும்பு உருளை. உள்ளே காலி, ஒரு மூடி. ஈர மண்ணில் வெறும் உருளையை ஓட்டினால் போதும், காயக் காயத் தண்ணீர் ஊற்றி எடையை ஏற்றிக்கொள்ளலாம். நம் களிமண்ணுக்கு அவசரப்படுகிறவர்களைப் பிடிக்காது. நடராசன் அண்ணனுக்கு இது உடனே பிடித்துவிட்டது. தண்ணீர் விடுகிற வேலை அவருக்கும் மிச்சம் இருக்கிறதல்லவா! பரணிதரன்தான் முணுமுணுத்தான். என்ஜின் என்றால் ஒரு ஆள் போதுமே என்றான்.

மச்சான், நீங்களும் அதே வார்த்தையைத்தான் எழுதியிருந்தீர்கள். என்ஜின் என்றால் ஒரு ஆள் போதும், யார் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வேலை நடக்கும் என்று. அந்த வரியை நான் பல தடவை படித்துவிட்டேன். நீங்கள் இல்லாமல் நடக்க வேண்டியதற்கெல்லாம் ஏற்பாடு செய்கிறீர்கள் என்று எனக்குப் பட்டது.

திருவாரூரில் என் அத்தா கடைக்குப் பின்னால் இருக்கிற வீரையன் பட்டறையில் உருளையைச் செய்யச் சொன்னோம். நானும் ஜெக்கரியாவும் போயிருந்தோம். வீரையன் சாக்பீஸால் தரையில் படம் போட்டு, இழுக்கிற சட்டம் எவ்வளவு நீளம் வேண்டும் என்று கேட்டார். உருளைக்கும் கைப்பிடிக்கும் நடுவில்தானே ஆள் நடக்க வேண்டும்? ஜெக்கரியா ஒரு அளவு சொன்னான். நான் யோசிக்கவே இல்லை, போதாது, இன்னும் ஒரு முழம் நீளமாக வேண்டும், காலில் இடிக்கும் என்று சொல்லிவிட்டேன். இரும்புக்கடைக்காரர் மகள் சொன்னதால் வீரையனும் மறுபேச்சுப் பேசவில்லை.

உருளை போன ஞாயிற்றுக்கிழமை திடலுக்கு வந்தது. பச்சைப் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். தன் அத்தா விமானத்தில் அனுப்பியது என்று சுமையா தெருவெல்லாம் சொல்லிவிட்டாள். உள்ளே தண்ணீர் ஊற்றி, ஜெக்கரியாவும் பரணிதரனும் நடராசன் அண்ணனும் இழுத்தார்கள். வாய்க்கால் பாதி மூடிவிட்டது. மூடிய பக்கத்தில் பந்தைப் போட்டுப் பார்த்தார்கள், சமமாக எழும்பியது. ஆனால் எல்லோரும் சட்டத்தைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். இவர்கள் குதிகாலுக்கும் உருளைக்கும் நடுவில் அவ்வளவு இடம் காலியாகக் கிடக்கிறது. திருப்பும்போது வேலியில் இடிக்கிறது. வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்த என்னிடமே நடராசன் அண்ணன் கேட்டார்:

“ஏம்மா, நடுவுல இன்னொரு ஆளு நிக்கலாம் போலருக்கே. யாரு காலுக்கும்மா அளவு குடுத்தீங்க?”

அப்போதுதான் எனக்கே விளங்கியது. நமக்குக் கல்யாணமான வருடம், இரவல் ரோலர் இழுத்துவிட்டு, குதிகால் கிழிந்து ரத்தத்தோடு வந்தீர்களே, நினைவிருக்கிறதா? நீங்கள் எட்டி வைக்கிற அடி நீளம், சட்டம் குட்டை, உருளை பின்னால் வந்து இடித்துவிட்டது. மஞ்சள் வைத்துக் கட்டும்போது, புது மாப்பிள்ளை அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தீர்கள். உங்கள் காலை நான் முதன்முதலில் தொட்டது அன்றுதான். பட்டறையில் வீரையன் கேட்டபோது என் கண்ணில் நின்றது அந்தக் குதிகால்தான். அங்கே இழுக்கப் போகிற ஒருவர் காலும் என் நினைவில் இல்லை. முக்காட்டை இழுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

இனி என் விஷயம். மாடி கட்டி முடிக்கத்தான் இன்னும் இரண்டு வருடம் என்று நீங்கள் சொல்வீர்கள், எனக்குத் தெரியும். மாடி எதற்கு மச்சான்? கீழே இருக்கிற அறைகளுக்கே ஆள் இல்லை. மாமி உங்கள் அறையைத் தினமும் கூட்டிவிட்டுக் கதவைச் சாத்துகிறார். அத்தா கடைக்கு நம்பிக்கையான ஒரு ஆள் தேடுகிறார், உங்களிடம் கேட்கக் கூச்சப்படுகிறார். நான் கூச்சப்படவில்லை. இருப்பதை வைத்துச் சாப்பிடுவோம், வந்துவிடுங்கள். அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்.

சட்டத்தில் ஒரு முழம் வெட்டிவிட்டு மறுபடி பற்றவைத்துத் தருகிறேன், அரைமணி நேர வேலை என்று வீரையன் சொல்லி அனுப்பியிருக்கிறார். ஜெக்கரியாவும் வெட்டிவிடலாம் என்கிறான். ஹஜ்ஜுப் பெருநாள் வரைக்கும் யாரும் அதில் கை வைக்கக்கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

அல்லாஹ் உங்களைச் சுகமாக வைத்து, பத்திரமாக வாசலில் கொண்டுவந்து சேர்க்கட்டும். வஸ்ஸலாம்.

வழி பார்த்திருக்கும்,
சாஜிதா