ராசியில்லாத நோட்டு

அக்கா,

இன்று காலை நம் நிலையத்தின் பழைய பால் குளிரூட்டும் தொட்டியைப் பழைய இரும்புக்காரர் லாரியில் ஏற்றிக்கொண்டு போனார். கயிறு கட்டும்போது பக்கவாட்டுத் தகட்டில் கறுப்பு டேப் ஒட்டிய இடம் கண்ணில் பட்டது. டேப் ஒட்டியது நான். அதன் அடியில் இருக்கும் ஓட்டையைப் போடச் சொன்னதும் நான்தான். நீங்கள் கண்மூடி இரண்டு வருடம் ஆகிறது. இதை நேரில் பேசியிருக்க வேண்டும்.

எட்டு வருடத்துக்கு முந்திய அந்தக் கோடையில் தொட்டி நினைத்தபோது நின்றது. எங்கோ ஷார்ட் ஆகி பிரேக்கர் விழும். தூக்கிவிட்டால் ஒன்றுமே நடக்காததுபோல ஓடும். கவனிக்காமல் விட்ட ஒரு நாள் காவாந்தண்டலம் ஊர்ப் பால் முழுவதும் கெட்டுப்போனது. காஞ்சிபுரத்திலிருந்து மெக்கானிக் இரண்டு முறை வந்தார். அவர் இருக்கும்போது மட்டும் அது நிற்கவே நிற்காது.

நான் வேதியியல் படித்தவள். தொட்டியின் குளிர்நிலையையும் அது நின்ற நேரங்களையும் நோட்டில் குறித்து, தொட்டியின் பக்கவாட்டுத் தகட்டில் இருந்த கொக்கியில் மாட்டிவந்தேன். பெரும்பாலும் காலைப் பால் ஊற்றி முடிந்து நீங்கள் கேன் கழுவும் நேரம். தண்ணீர்தான் காரணம் என்று முடிவுகட்டினேன்.

நீங்கள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னீர்கள்: "தண்ணி இல்ல மா. அந்த நோட்டுதான் ராசியில்ல. அத்த மாட்டுனா மிசினு நின்னுபூடுது."

பால் ஊற்ற வந்தவர்கள் சிரித்தார்கள். "நோட்டுக்கு ஒரு எலுமிச்சம்பயம் கட்டிவுடு க்கா," என்றார் ஒருவர். நானும் சிரித்தேன். ராசி என்ற சொல் விழுந்ததும் மீதியை நான் கேட்கவில்லை. ஒரு வாரம் வர வேண்டாம் என்றேன். அந்த வாரம் தொட்டி நிற்காவிட்டால் அதற்குப் பிறகும் வேலை இல்லை என்று பொருள். உங்களுக்குப் புரிந்தது. "செரி மா," என்று துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுப் போனீர்கள்.

தரை காய்ந்து கிடந்தது. ஐந்து நாளில் தொட்டி நான்கு முறை நின்றது.

உங்கள் வீட்டுக்கு வந்தேன். நோட்டைப் பற்றிச் சொன்னதைத் திருப்பிச் சொல்லச் சொன்னேன்.

"நீ எய்திட்டு கொக்கில மாட்டுவ. செத்த நேரத்துல டப்புனு நிக்கும். மெக்கானிக்கு வந்தா அவராண்ட காட்டறதுக்கு மேஜ மேல எடுத்தாந்து வெச்சிடுவ. அப்போ நிக்காது."

"அதை அன்னிக்கே இப்படிச் சொல்லியிருக்கலாமே?"

"இப்டித்தான சொன்னேன்? ராசியில்லன்னா வேற இன்னாவாம்?"

இருவரும் நிலையத்துக்கு வந்து, மெயினை அணைத்துவிட்டுத் தகட்டைக் கழற்றினோம். கொக்கிக்காக முடுக்கிய திருகாணி தகட்டைத் துளைத்து உள்ளே வயரில் உரசிக்கொண்டிருந்தது. நோட்டின் கனத்தில் கொக்கி சாயும். மோட்டார் அதிரும்போது ஆணியின் முனை வயரின் செம்பைத் தொடும். தண்ணீர்தான் குற்றவாளி என்று நிரூபிக்க அந்த வாரம் நான் வழக்கத்தைவிட அதிகம் எழுதி, அதிகம் மாட்டியிருந்தேன்.

வயரை மாற்ற வந்த மெக்கானிக், "எப்படி மேடம் பிடிச்சீங்க?" என்று கேட்டார். "கவனிச்சதுல தெரிஞ்சுது," என்றேன். யார் கவனித்தது என்று சொல்லவில்லை. பக்கத்தில் கேன் கழுவிக்கொண்டிருந்த நீங்கள் நிமிரவில்லை. மேலிடத்துக்கு அனுப்பிய அறிக்கையிலும் உங்கள் பெயர் கிடையாது. அதன்பின் ஆறு வருடம் நீங்கள் இங்கே வேலை பார்த்தீர்கள். நீங்களும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. மன்னிப்புக் கேட்க எனக்குச் சுலபமாக வராது. அது ஒரு காரணமே அல்ல.

போன வாரம் பால் ஊற்ற வந்த ஒருவர், புது எடைமேடை ராசியில்லை என்றார். எந்த நேரத்தில் எடை தப்புகிறது, எந்த மூலையில் கேனை வைத்தால் தப்புகிறது, அப்போது பக்கத்தில் என்ன ஓடிக்கொண்டிருந்தது என்று கேட்டு எழுதத் தொடங்கினேன்.

"இன்னா மேடம், நீங்களுமா ராசி பாக்க ஆரம்பிச்சிட்டீங்க? யாரு சொல்லிக்குடுத்தது?" என்று சிரித்தார்.

உங்கள் பெயரைச் சொன்னேன்.