கேள்விக்குறியாகிப்போன உன் தமிழ்

அன்பு மச்சான் ஏழுமலைக்கு,

நீ எழுதியதையெல்லாம் கேள்விக்குறிகளாக்கிவிட்டார்கள். பேச்சுக்குச் சொல்லவில்லை. நம் தொழிலாளர் சங்கத்தின் இணையதளத்தைத் திறந்தால், எழுத்து இருந்த இடமெல்லாம் வரிசையாகக் கேள்விக்குறி நிற்கிறது. நீ கண்ணை மூடிய மறுமாதமே சங்கச் செயலாளர் யாரையும் கேட்காமல் தளத்தைக் கம்ப்யூட்டர் சென்டர் தினேஷிடம் கொடுத்தார். அவன் வேறு சர்வருக்கு மாற்றும்போது, எழுத்து தமிழ் என்று சொல்லாமலே நிறுவிவிட்டான். பழையதையும் அழித்துவிட்டான்.

போய்க் கேட்டேன்.

"சைட்டு ஓப்பன் ஆவுதுல்ல பெருசு? எழுத்து தெரியலன்னா இங்கிலீஷ்ல போட்டுக்கோ."

"ப்ரஸ்ல கை மாட்டிக்கினு அவன் இங்கிலீஷ்லயாடா கத்துனான்?"

செல்வத்தைத்தான் சொன்னேன். ஒரகடம் தொழிற்பேட்டையில் தகடு அழுத்தும் ப்ரஸ் மெஷினுக்கு விரல்களைக் கொடுத்த தென்காசிக்காரன். அன்று மாலையே ஆஸ்பத்திரியில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, சொன்னதைச் சொன்னபடி எழுதி நீ தளத்தில் போட்டாய். அந்தப் பக்கத்தில் இப்போது மிஞ்சியிருப்பது தேதியும், "3 விரல்" என்றதில் அந்த 3ம் மட்டும்தான். அவன் அன்று ஷிப்டிலேயே இல்லை என்கிறது கம்பெனி. அடுத்த மாதம் விசாரணை.

"அண்ணாச்சி எழுதுனது இல்லன்னா, நா அன்னைக்கு வேலைக்கே வரலன்னு ஆக்கிருவாவ ஐயா" என்கிறான் செல்வம்.

உன் மேசையில் நீ பழைய தளத்தை நகலெடுத்து வைத்த சிடி கிடைத்தது. சங்க அலுவலகக் கணினியில் நானே நிறுவுகிறேன் என்றேன். சிரித்தார்கள். டூல் ரூமில் யாரிடமும் கேட்காமல் தொழில் கற்றவன் நான். சிரிக்கட்டும்.

அந்தக் கருப்புத் திரையோடு எப்படி மச்சான் குடித்தனம் நடத்தினாய்? கடவுச்சொல்லைத் தட்டினால் ஒரு புள்ளிகூடத் தெரியவில்லை. கீபோர்டு செத்துவிட்டது என்று கழற்றித் துடைத்தேன். கட்டளையைத் தட்டினால் ஓர் அம்புக்குறியைக் காட்டிவிட்டுச் சும்மா நின்றது. வேலை செய்கிறதாக்கும் என்று முக்கால் மணி நேரம் காத்திருந்தேன். அது எனக்காகக் காத்திருந்ததாம்! வரியின் கடைசியில் நான் அரைப்புள்ளி வைக்கவில்லை. வாயைத் திறந்து சொன்னால் என்ன குறைந்துவிடும் அதற்கு?

இரண்டு முறை ஏற்றினேன். இரண்டு முறையும் அதே கேள்விக்குறிகள். எல்லாவற்றையும் ஏற்றி முடித்த பிறகு யூனிகோடு, யூனிகோடு என்று அதனிடம் மன்றாடிக்கொண்டிருந்தேன். வீட்டில் புலம்பியபோது உன் அக்கா கேட்டாள்: "கொழம்ப எறக்கி வெச்சிட்டா புளி கரைக்கிற?"

அப்போதுதான் உறைத்தது. மூன்றாம் முறை அத்தனையும் அழித்தேன். தரவுத்தளத்தை உண்டாக்கும் முதல் வரியிலேயே யூனிகோடு என்று எழுதிவிட்டுப் பிறகு ஏற்றினேன். "கைய இழுக்க முடியல அண்ணாச்சி, மெஷின நிறுத்த ஆளில்ல" என்று செல்வத்தின் வரி திரையில் வந்து நின்றது. இதை உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?

ஆனால் ஊர் பார்க்கும் தளம் இன்னும் தினேஷ் கையில். "ஒங்கையில பாஸ்வேர்டு குடுத்தா இருக்கறதையும் ஒடச்சிடுவ பெருசு" என்கிறான். இருப்பது என்ன? கேள்விக்குறிதானே?

ஆகவே உனக்கும், இதைப் படிக்கிறவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன். தினேஷ் வரும் செவ்வாய்க்குள் சர்வரின் கடவுச்சொல்லைச் சங்கத்திடம் ஒப்படைக்க வேண்டும். தூக்கிக் கொடுத்த செயலாளரே போய் அதை வாங்கி வர வேண்டும். அன்று செல்வத்தோடு ஷிப்டில் நின்றவர்கள், வல்லம் வடகாலில் தங்கியிருக்கும் வாடகை அறைகளில் கதவைச் சாத்திக்கொள்ளாமல் வந்து, நீ எழுதிய பக்கத்தின் அச்சுப்பிரதியில் கையெழுத்துப் போட வேண்டும். விசாரணையில் அதை எழுத்து விடாமல் வாசிக்க வேண்டியவன் நான். வாசிப்பேன்.

உன் அக்காளைக் கட்டியவன்,
கோதண்டம்