கூடுதல் ஆள்

தாயில்பட்டி
6.1.2025

அன்புள்ள அத்தானுக்கு,

அருணா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம். உங்கள் கப்பல் எண்ணூருக்கு நிலக்கரி கொண்டுவரும் தேதியைக் கணக்குப் பார்த்து ஏஜென்ட் ஆபீஸ் முகவரிக்கு அனுப்புகிறேன். போனில் என்றால் நீங்கள் "சரி, சரி" என்பீர்கள், நான் "வேற என்ன" என்பேன், சிக்னல் போய்விடும். இது அப்படிச் சொல்லக்கூடிய விஷயம் இல்லை.

ஆனைக்குட்டம் வீட்டைப் பற்றி உங்களிடம் ஒன்றை மறைத்துவிட்டேன். நவம்பரில் நீங்கள் லீவில் வந்து பார்த்தபோது, தீபாவளி முடிந்து பட்டாசுக் கம்பெனிகள் எல்லாம் அடைத்துக் கிடந்தன. மாடியில் நின்று, "ஒரு சத்தமும் இல்லையே, அணைத் தண்ணி வேற தெரியுதே" என்று சந்தோஷப்பட்டீர்கள். கருவேல மரங்களுக்குப் பின்னால் தெரிந்த கட்டடங்களை மாட்டுக் கொட்டகை என்றீர்கள். எந்த ஊரில் மாட்டுக் கொட்டகைக்கு நாலு பக்கமும் கதவு வைக்கிறார்கள்? அவை பட்டாசு ஷெட் என்று எனக்குத் தெரியும். வாயைத் திறக்கவில்லை.

என்ன செய்ய? அதற்கு முன் ஐந்து வீட்டைத் தட்டிக் கழித்திருந்தீர்கள். திருத்தங்கல் வீட்டில் வெளியேற ஒரே வழிதான். சாத்தூர் ரோட்டு வீட்டில் மாடிப்படி குறுகல். கப்பலில் தீயணைப்புப் பயிற்சி நடத்துகிற கண்ணோடு பார்த்தால் எந்த வீடுதான் தேறும்? ஆறாவதற்குத் தலையாட்டினீர்கள். நான் உண்மையைச் சொல்லப்போய் அது நின்றுவிட்டால் என்று பயந்தேன்.

கம்பெனி திறந்துவிட்டது. காலை ஆறரைக்கே ஆள் ஏற்றிவரும் வேன்கள் ஹாரன் அடிக்கின்றன. சாயங்காலம் சாம்பிள் வெடித்துப் பார்க்கிறார்கள். அங்கே பக்கத்து வீட்டில் இருக்கும் வேல்விழி, "மொத ரெண்டு மாசந்தாங்க்கா திடுக்குங்கும். அப்புறம் வெடிக்கலைன்னாத்தான் என்னமோ ஏதோன்னு இருக்கும்" என்கிறாள்.

ஆறு வருஷம் உங்களோடு பாரதீப்புக்கும் எண்ணூருக்குமாகக் கப்பலிலேயே குடித்தனம் நடத்தியாயிற்று. வைகாசியில் ஒரேயடியாக இறங்கிவிடுவேன் என்று நீங்கள் சொன்னதை நம்பித்தான் இந்த முறை உங்களோடு ஏறாமல் வீடு தேடுகிறேன். தை முடிவதற்குள் பத்திரம் பதிய வேண்டும். இந்த வீடு வேண்டாம் என்றால் விட்டுவிடுகிறேன். திட்டுவதாக இருந்தாலும் எழுத்தில் திட்டுங்கள்.

உங்கள்
அருணாதேவி

எண்ணூர் துறைமுகம்
17.1.2025

அன்பு அருணா,

கடிதம் கிடைத்தது. மாட்டுக் கொட்டகையைப் படித்துவிட்டு என்ஜின் ரூமில் தனியாகச் சிரித்தேன். கூட இருந்த பையன்கள் எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பார்த்தார்கள். கோபமெல்லாம் இல்லை. புது சமையல்காரன் சாம்பாரில் சர்க்கரை போடுகிறான், என் கோபம் முழுவதும் அவனுக்கே சரியாக இருக்கிறது.

அந்த ஷெட் எத்தனை தூரம்? வெடிமருந்து கலக்கும் அறை எந்தப் பக்கம்? வெடித்தால் தடுக்க நடுவில் மண்கரை உண்டா? இதெல்லாம் விசாரிக்காமல் பத்திரம் போடுவது சரியில்லை. பதிவைத் தள்ளிப்போடு. ஆவணி வாக்கில் நானே வந்து, இன்னும் இரண்டு மூன்று வீடு பார்த்து முடிவு செய்யலாம். அவசரம் ஒன்றும் இல்லையே. அத்தைக்கு முட்டுவலி எப்படி இருக்கிறது?

உன்
செல்லப்பாண்டி

தாயில்பட்டி
22.1.2025

அன்புள்ள அத்தானுக்கு,

அம்மாவுக்கு முட்டுவலி தேவலை. வேலைக்குப் போகாதே என்றால் கேட்கிறாளா? இருபத்தாறு வருஷம் பட்டாசுக்குத் திரி வைத்த கை, வீட்டில் சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

நீங்கள் கேட்டதை விசாரிக்க நேரே கம்பெனிக்கே போனேன். கேட்டில் போனை வாங்கி வைத்துக்கொண்டு, போர்மேன் உக்கிரபாண்டியைக் கூப்பிட்டுவிட்டார்கள். "அரை கிலோமீட்டர் தாராளமா இருக்கு தாயி. மருந்து ரூமு மேக்க கடைசியில, நடுவுல மண்ணுக் கரை போட்டிருக்கு. உங்க வீட்டுக்காரவுக பயப்படுதாகளோ?" என்றார். எனக்கு வெட்கமாகிவிட்டது. பயம் எனக்கும்தான் இருக்கிறது. தினமும் சாயங்காலம் அம்மா வேனிலிருந்து இறங்கும் வரை வாசலைப் பார்த்தே வளர்ந்தவள் நான். அதற்காக யாரும் இந்தப் பக்கம் வீடு கட்டாமல் இல்லை.

தூரம், கரை, திசை எல்லாம் சொல்லிவிட்டேன். இனி நான் ஒன்று கேட்கிறேன். வைகாசி என்று சொன்னவருக்கு ஆவணி எங்கிருந்து வந்தது?

இதற்கு மட்டும் பதில் எழுதினால் போதும்.

அருணா

பாரதீப்
3.2.2025

அருணா,

நான்கு தாளைக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன்.

நவம்பரில் கப்பல் ஏறும்போதே ஒன்பது மாதத்துக்குக் கையெழுத்துப் போட்டேன். அதன் பிறகும் வருவேன் என்று கம்பெனிக்கு எழுதிக் கொடுத்தேன். உன்னிடம் ஆறு மாதம் என்றேன். ஐந்து வீட்டையும் கழித்ததற்குப் படியும் கதவும் காரணம் இல்லை. ஆறாவது வீட்டுக்குத் தலையாட்டியதற்கும் வீடு காரணம் இல்லை. உனக்கு ஒரு வீடு அமைந்துவிட்டால் என்னை அவ்வளவாகத் தேடமாட்டாய் என்று நினைத்தேன்.

நான் லீவில் வந்திருந்த அந்தப் பதினான்கு நாளை நினைத்துப் பார். வீட்டுத் தண்ணீர் மோட்டார் பழுதென்று மெக்கானிக் கருப்பணன் வந்தான். நான் ஸ்பேனரை எடுத்தேன். "அண்ணாச்சி, நீங்க நெழல்ல உக்காருங்க, அக்காவுக்குத் தெரியும் எந்த வால்வுன்னு" என்றான். கடைக்காரர், பக்கத்து வீட்டுக்காரர், உன் சொந்தக்காரர் எல்லோரும் உன்னிடம் பேசுகிறார்கள், என்னிடம் "எப்ப கப்பலுக்கு?" என்று மட்டும் கேட்கிறார்கள். இங்கே என்ஜின் சத்தம் கொஞ்சம் மாறினாலும் தூக்கத்திலேயே எனக்குத் தெரியும். அங்கே நான் கூடுதலாக ஒரு ஆள். எனக்கு அது பிடிக்கவில்லை. பயமாகவும் இருந்தது. இதைச் சொல்ல வெட்கப்பட்டுத்தான் பொய் சொன்னேன்.

செல்லப்பாண்டி

தாயில்பட்டி
13.2.2025

அத்தான்,

நேற்று, தை கடைசி நாள், சிவகாசிக்குப் போய்ப் பத்திரம் பதிந்துவிட்டேன். என் பெயரில் மட்டும். உங்களுக்காகக் காத்திருந்தால் ஆவணியும் போகும், அடுத்த தையும் போகும்.

உங்கள் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டவில்லை. நான் மட்டும் மூன்று தடவை படித்தேன். முதல் தடவை அழுகை வந்தது, இரண்டாவது தடவை ஆத்திரம். மூன்றாவது தடவை படிக்கும்போதுதான் அந்த வார்த்தை எங்கோ கேட்டதாகப் பட்டது. கப்பல் ஆட்கள் பட்டியலில் ஒவ்வொரு பயணத்திலும் என் பெயரை எங்கே எழுதுவார்கள்? எல்லோருக்கும் கீழே, "சூப்பர்நியூமரரி" என்று. முதல் வருஷம் அர்த்தம் கேட்டேன். கூடுதல் ஆள் என்று நீங்கள்தான் சொன்னீர்கள். சிரித்துக்கொண்டே சொன்னீர்கள்.

ஆறு வருஷம் நான் அப்படி இருந்திருக்கிறேன். நாலு மணிக்கு நீங்கள் கீழே போவீர்கள், எட்டு மணிக்குக் கரி முகத்தோடு வருவீர்கள். அந்த நாலு மணி நேரமும் அறைக்குள் துணியை மடித்து, பிரித்து, மறுபடி மடித்துக்கொண்டு இருப்பேன். ஒரு திருகாணியைத் தொடக்கூட எனக்கு உரிமை இல்லை. யாரும் என்னிடம் வேலையாகப் பேசியதில்லை. உங்களோடு இருக்கவேண்டும் என்பதற்காக இருந்தேன், வேறு எந்தக் காரணமும் இல்லை. நீங்கள் பதினான்கு நாள் தாங்கவில்லை.

எனக்கு உங்கள் மேல் ஆசை இருக்கிறது. அது போகவில்லை. ஆனால் கப்பலுக்கு இனி வரமாட்டேன்.

அருணா

எண்ணூர் துறைமுகம்
20.2.2025

அன்பு அருணா,

படித்தேன்.

முன்கூட்டியே இறங்கிவிடுகிறேன் என்று இன்று கம்பெனிக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். சித்திரையில் எண்ணூரிலேயே எனக்கு மாற்று ஆள் ஏறுகிறான். மறுபடி வருவேன் என்று கொடுத்த கடிதத்தையும் திரும்பப் பெற்றுக்கொண்டேன். மெட்ராசுக்கு என்னை அழைக்க வரவேண்டாம், வீட்டில் உனக்கு வேலை இருக்கும். சிவகாசியில் இறங்கி, ஆனைக்குட்டம் பஸ் ஏறி, அருணாதேவி வீடு எது என்று கேட்டுக்கொண்டு வருகிறேன்.

வந்த அன்று எனக்கு என்ன வேலை என்று கேட்கமாட்டேன். சும்மா உட்கார்ந்திருப்பேன். அது எப்படி என்று நீதான் சொல்லித்தர வேண்டும்.

உன்
செல்லப்பாண்டி