சுண்ணாம்புக் கொட்டகையின் வாசல்

1971 மார்ச் 2, செவ்வாய்

பழைய பேஸ்பால் மைதானத்தை இடிக்கும் ஏலம் இன்று எனக்கு விழுந்தது. மரம், இரும்பு, குழாய் எல்லாம் என்னுடையது. தரையை மட்டும் நகராட்சியிடம் விட வேண்டும். போட்டிக்கு வந்தவர்கள் இரும்பை எடை போட்டுக் கேட்டார்கள். நான் அதற்கு மேலே போனேன். நஷ்டமென்றாலும் சரி. வியாபாரி நான் ‘நஷ்டமென்றாலும் சரி’ என்று எழுதுவது இதுதான் முதல் தடவை.

மார்ச் 4

வெள்ளையர்கள் உடைமாற்றும் அறைக்குள் இன்றுதான் கால் வைத்தேன். பன்னிரண்டு வருஷம் இங்கே இரண்டாவது பேஸில் நின்று ஆடியவன். வெள்ளையர் அணி வெளியூர் போகும் நாட்களில் எங்கள் கறுப்பர் அணி வாடகை கொடுத்து ஆடும். மைதானம் உண்டு, அறை கிடையாது. கோடு போடும் சுண்ணாம்பு மூட்டைகளுக்கு நடுவே, தகரக் கொட்டகையில் குனிந்து நுழைந்து உடை மாற்றுவோம்.

அறையில் ஓக் அலமாரிகள் இருபது. பித்தளைக் குழாயைத் திருகினேன். தண்ணீர் வந்தது. அடைக்க மனம் வரவில்லை.

மார்ச் 5

நாள் முழுக்க ஐசம் பெட்டவேயின் நினைப்பு. எங்கள் அணியில் அவனைப் போல் அடிப்பவன் இல்லை. 46 ஜூலையில் கொட்டகையில் மூட்டை கிழிந்து அவன் கண்ணில் சுண்ணாம்பு கொட்டியது. அந்தக் குழாய்க்குத்தான் அவனை இழுத்துக்கொண்டு ஓடினேன். வாசலில் கிளப் முதலாளியின் மகன் ப்ரெஸ்காட். “இது உங்க ஆளுங்களுக்கு இல்ல. ரோட்டுக்கு அந்தாண்ட பம்பு இருக்கு, போ.”

போய்ச் சேர்வதற்குள் இடது கண் வெந்துவிட்டது. அடுத்த வருஷம், அதுவரை வெள்ளையர் மட்டுமே ஆடிய பெரிய லீக் கறுப்பர்களுக்குத் திறந்தது. ஐசமைப் பார்க்கவும் ஆள் வந்தது. பந்து வருவதே அவனுக்குத் தெரியவில்லை. போன நவம்பரில் செத்தான். ஊர்ப் பத்திரிகையில் ஒரு வரி? இல்லை.

அலமாரிகளை எரிக்கப்போகிறேன். நடு மைதானத்தில், பட்டப்பகலில்.

மார்ச் 8

ப்ரெஸ்காட் என் பழைய சாமான் யார்டுக்கே வந்தான். அப்பன் பேரில் மியூசியமாம், அந்த அறை அப்படியே வேண்டுமாம்.

“நியாயமா ஒரு விலை சொல்லு ஹோஸியா. பெத்த தாயைத் தவிர எல்லாத்தையும் விக்கிற ஆளாச்சே நீ.”

விற்பனைக்கில்லை என்றேன். ஐசமின் கண்ணைப் பற்றிக் கேட்டேன். “எந்தக் கண்ணு?” என்றான்.

எந்தக் கண்ணாம்.

மார்ச் 9

மண்ணெண்ணெய் வாங்கினேன். இரண்டு டின்.

மார்ச் 10

என் மனைவி அல்தியா டின்களைப் பார்த்துவிட்டாள். எதற்கென்று கேட்டாள், சொன்னேன்.

“எரிச்சா நீ ஒரு மத்தியானம் குளிர்காயலாம் கிழவா. அவன் ராத்திரி கறியும் சோளரொட்டியும் தின்னுட்டு மறந்துடுவான். ஒரு கண்ணையே மறந்தவன். இத்தனை வருஷம் வியாபாரம் பண்ணி, பழியை எப்படி விக்கிறதுன்னு தெரியலையா உனக்கு?”

கோபம் வந்தது. அவள் சொன்னது சரி என்பதால் வந்த கோபம்.

மார்ச் 15

கொட்டகையைத் தகரம் தகரமாகக் கழற்றி, எண் போட்டு அடுக்கச் சொன்னேன். ஒரு ஆணி வளையக்கூடாது. எனக்குப் புத்தி பிசகிவிட்டதென்று ஆட்கள் பேசிக்கொள்கிறார்கள்.

மியூசியத் திறப்பு மே முதல் தேதி. அழைப்பிதழ் அடித்தாகிவிட்டதாம். விசாரித்துக்கொண்டேன். ப்ரெஸ்காட் இரண்டு முறை ஆள் அனுப்பினான். நான் ஊரில் இல்லை என்று சொல்லி அனுப்பச் சொன்னேன்.

மார்ச் 23

தானே வந்தான். நிபந்தனைகளைச் சொன்னேன். முகம் சிவந்தது.

“என் பேருமா?”

“வாசல்ல நின்னது நீங்கதானே?”

விருட்டென்று கார் வரை போனான். கதவைப் பிடித்தபடி நின்றான். திரும்பி வந்தான்.

“மிஸ்டர் டில்மன், கொஞ்சம் இறங்கி வாங்க.”

ஐம்பத்தேழு வயதில் ஒரு வெள்ளையன் வாயால் மிஸ்டர் ஆனேன். இறங்கவில்லை.

முடிந்தது இப்படி: அலமாரிகளும் குழாய்களும் ஆறாயிரம் டாலர், ரொக்கம். அந்த அறைக்கு முன்னால் தகரக் கொட்டகையை நிறுத்த வேண்டும். உள்ளே போக அது ஒன்றே வழி. அதில் ஐசம் பெட்டவேயின் பெயர், அந்த ஜூலையில் நடந்தது, தண்ணீர் மறுத்தவரின் பெயர் மூன்றும் இருக்க வேண்டும். கொட்டகை வாசல் நாலரை அடி உயரம். ஒரு அங்குலம் உயர்த்தக்கூடாது. திறப்பு நாளில் முதலில் குனிந்து நுழைய வேண்டியவர் ப்ரெஸ்காட்.