மட்டையில் எழுதிய திகதி

நவம்பர் 3, திங்கள்

விடிய வெளிக்கிட்ட மழை, இன்னும் விடவில்லை. கோப்பு அறையில் ஒழுக்கு. போன மாரியில் ஒழுகிய அதே மூலை. ஓட்டுக்காரன் ஒரு வருடமாக 'வாறன், வாறன்' என்கிறான். கீழ்த்தட்டுக் கோப்புகளை நானே தூக்கி மேசைக்கு மாற்றினேன். மனைவி சரோ கண்டிருந்தால் ஏசியிருப்பாள். கண் ஒப்பரேஷன் செய்தவன் பாரம் தூக்கக் கூடாதாம்.

செய்ய வேண்டியவை:
— ஓட்டுக்காரன் (கடைசித் தரம்)
— சீனி வருத்தத்துக்குக் குளிசை
— சனிக்கிழமை எனக்கு எடுக்கிற பாராட்டு விழா மலருக்குப் படம். என் உதவிச் சட்டத்தரணி தர்ஷினி மூன்று தரம் கேட்டுவிட்டாள். கறுப்புக் கோட்டோடு வேண்டுமாம்
— வியாழன், ஜெசிந்தாவின் வழக்கு. கொம்பனியின் ஆட்சேபனைக்குப் பதில்

கடைசியை எழுதிய பிறகுதான் ஜெசிந்தாவின் கோப்பைத் தேடினேன். நனைந்த அடுக்கில் கிடந்தது. மட்டையை உடுத்திருந்த சாரத்தால் துடைத்தேன். நீல மை, என் கையெழுத்து. 'பெப். 10. வாசலில் மறித்தது.' அதற்குக் கீழே, 'பெப். 12. என்னிடம் வந்தது.' அதற்கும் கீழேதான் பெயர்.

முதலில் திகதி, பிறகு பெயர். என்னிடம் தொழில் பழகியவர்கள் எல்லோருக்கும் நான் படிப்பித்த முதல் பாடம். ஆள் அழத் தொடங்க முதல் திகதியைக் கேட்டு மட்டையில் எழுதிவிடு என்பேன்.

கதிரையில் இருந்துவிட்டேன். வேலையால் நிறுத்திய நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் தொழில் நியாயசபைக்கு விண்ணப்பம் போக வேண்டும். நாங்கள் போட்டது போன வருடம் ஆகஸ்ட் 19. கொம்பனி அனுப்பிய கடிதத்தில் பெப். 24 என்று இருந்தது, அதிலிருந்து கணக்குப் பார்த்தோம். அவளை வாசலில் மறித்து இனி வரவேண்டாம் என்றது பெப். 10. ஒன்பது நாள் பிந்திவிட்டது. கொம்பனியின் ஆட்சேபனையும் இதுதான். "உது சும்மா வெருட்டு" என்று இரண்டு கிழமையாகத் தர்ஷினிக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்த ஆறு மாதமும் நான் எங்கே? கொழும்பில். உச்ச நீதிமன்றத்தில், அரசியலமைப்பு உறுப்புரை 14(1)(ஈ), தொழிற்சங்கம் அமைக்கும் சுதந்திரம். மூன்று நாள் நின்று பேசினேன். பேப்பரில் படம். பிறகு கண் ஒப்பரேஷன். திரும்பி வந்தபோது தர்ஷினி விண்ணப்பத்தை எழுதி வைத்திருந்தாள். விறாந்தையில் நின்றபடியே கையொப்பம் போட்டேன். மட்டையைப் பார்க்கவில்லை.

சங்கம் தொடங்கக் கையெழுத்துச் சேர்த்ததற்காகத்தான் ஜெசிந்தாவை நிறுத்தினார்கள். அவளுடைய கோப்பு இங்கே கீழ்த்தட்டில் கிடக்க, நான் கொழும்பில் அதே சுதந்திரத்தைப் பற்றி மூன்று நாள். மடையன்.

நவம்பர் 4, செவ்வாய்

தூறல். ஓட்டுக்காரன் வரவில்லை.

பி.ப. 4 ஜெசிந்தா வந்தாள். குருநகர். அச்சுவேலிப் பக்கம் கையுறை தைக்கும் தொழிற்சாலையில் ஒன்பது வருடம் மெஷினில் இருந்தவள். அவள் நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்ட மற்றப் பெண்கள் இன்னும் உள்ளே வேலை செய்கிறார்கள். இவள் வென்றால் சங்கம் நடக்கும். தோற்றால் இனி அங்கே ஒருத்தியும் பேனை எடுக்க மாட்டாள்.

"வாசலிலை எப்ப மறிச்சவை எண்டு கேப்பினம், பிள்ளை."

"பத்தாந் திகதி, சேர். சாப்பாட்டுப் பார்சலோடை போய் நிண்டனான். செக்குறிட்டி ஐயா என்ரை முகத்தைப் பாக்காமல்தான் சொன்னவர்."

"அதிலையிருந்து பாத்தால் ஒன்பது நாள் பிந்திப்போச்சு."

யார் பிந்தியது என்று நான் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. பிறகு, நாற்பத்தாறு வருடத்தில் ஒரு கட்சிக்காரருக்கும் சொல்லாததைச் சொன்னேன். "திகதி ஞாபகமில்லை எண்டும் சொல்லலாம். கடிதம் வந்ததுதான் ஞாபகம் எண்டு."

தர்ஷினி எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"எனக்கு வடிவா ஞாபகம் இருக்கே, சேர்." கொஞ்சம் பொறுத்து, "பைபிளிலை கை வைச்சோ சொல்லவேணும்?"

"ஓம்."

"சரி சேர். வியாழக்கிழமை வாறன்."

குளிசை வாங்கவில்லை. இரவுச் சாப்பாடு இறங்கவில்லை. புட்டில் உப்பில்லை என்று சரோவிடம் பாய்ந்தேன். உப்பு இருந்தது.

நவம்பர் 6, வியாழன்

மழை இல்லை. புழுக்கம். தொழில் நியாயசபை, மு.ப. 10.

கொம்பனிக்காக வந்த சட்டத்தரணி ஒருகாலத்தில் என்னிடம் படித்தவன். எழும்பி, "சேருக்கு வணக்கம்" என்றுவிட்டுத்தான் தொடங்கினான். மரியாதையில் குறையில்லை. சாட்சிக்கூட்டில் ஜெசிந்தா.

"உங்களை வாசலிலை எண்டைக்கு மறிச்சவை?"

"பெப்ரவரி பத்து." யோசிக்கவே இல்லை.

"அப்ப ஏன் ஆறு மாதத்துக்குள்ளை வழக்குப் போடேல்லை?"

ஜெசிந்தா என்னைப் பார்த்தாள். நான் என் பேனை மூடியைப் பார்த்தேன்.

"சுணங்கிப்போச்சு, ஐயா. என்ரை பிழைதான்."

நியாயசபைத் தலைவர் எழுதினார். எழுதி முடித்துவிட்டு என் பக்கம் திரும்பி, சாட்சியிடம் மேற்கொண்டு ஏதாவது கேட்க இருக்கிறதா என்றார். ஒரு கேள்வி போதும். 'என்னிடம் எப்போது வந்தீர்கள்?' அவள் பெப். 12 என்றிருப்பாள். பதிவில் ஏறியிருக்கும். வழக்கைக் காப்பாற்றாது. பிழை யாருடையது என்பதையாவது சொல்லியிருக்கும்.

"இல்லை" என்றேன். இருந்துவிட்டேன்.

வெளியே வேப்பமரத்தடியில் கேட்டேன். "ஏன் பிள்ளை அப்பிடிச் சொன்னனீர்?"

"பொய் சொல்லேல்லை, சேர். ஆறு மாதத்திலை ஒருக்காலாவது வந்து கேட்டிருக்கலாம். கேக்கேல்லை. பேப்பரிலை உங்கடை படத்தைப் பாத்தனான். பெரிய வழக்கிலை நிக்கிறார், எங்கடையையும் பாப்பார் எண்டு இருந்திட்டன். அது என்ரை பிழைதானே?"

குத்திக் காட்டவில்லை. உண்மையாகவே அப்படி நினைக்கிறாள். குத்திக் காட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

தீர்ப்புக் கட்டளை 20ஆம் திகதி.

நவம்பர் 7, வெள்ளி

மலரின் அச்சுப்படி வந்தது. 'ஒரு கர்மயோகியின் நீதிப் பயணம்.' பக்கம் 3, தர்ஷினி எழுதியது. 'நாற்பத்தாறு ஆண்டுகளில் ஒரு வழக்குத் தவணையேனும் தவறவிடாதவர்.' எப்போதோ எழுதிக் கொடுத்துவிட்டாள், பாவம். இரண்டு எழுத்துப் பிழை திருத்தினேன். அந்த வசனத்தை அப்படியே விட்டுவிட்டேன்.

நவம்பர் 8, சனி

விழா. பி.ப. 3 என்று போட்டு 4.10க்குத் தொடங்கியது. ஏழு பொன்னாடை. வியர்வையில் கழுத்தெல்லாம் கடி.

பேச்சுகளில் கேட்டது: தொழிலாளியின் தோழன். அரசியலமைப்பின் காவலன். வடக்கின் பெருமை. ஒருவர் நான் வாதாடாத வழக்கொன்றை என் வெற்றியாகச் சொன்னார். நான் திருத்தவில்லை. பழகிவிட்டது.

கழிப்பறைப் பக்கம், சுவருக்கு அந்தப் பக்கத்தில் இரண்டு இளம் சட்டத்தரணிகள்:
"கிழவருக்கு இப்ப கண் தெரியுமோ?"
"தர்ஷினி அக்காதான் எல்லாம் பாக்கிறா. இவர் கோட்டைப் போட்டுக்கொண்டு வாறதுதான்."

கடைசி வரிசையில் ஜெசிந்தா. பக்கத்தில் தொழிற்சாலைப் பெண்கள் இருவர். யார் அழைத்தது? தர்ஷினியாக இருக்கும். பக்கம் 3ஐ வாசித்தபோது ஜெசிந்தாவும் கை தட்டினாள். எல்லோரையும் போல.

வரும் வழியில் சரோ, "என்னப்பா, சந்தோசமில்லையோ?"
"கோட்டு இறுக்கம்."

நவம்பர் 9, ஞாயிறு

பொன்னாடைகளை எங்கே வைப்பது என்று சரோ கேட்டாள். ஒழுக்குக்குக் கீழே என்றேன். அவள் சிரிக்கவில்லை. முதலில் எரிச்சலாக இருந்தது, பிறகு வெட்கம்.

நவம்பர் 20, வியாழன்

கொட்டுகிற மழை. முச்சக்கரவண்டிக்குள்ளும் தண்ணீர்.

விண்ணப்பம் தள்ளுபடி. இரண்டரைப் பக்கம். சட்டப்படி சரி. அந்தக் கதிரையில் நான் இருந்தாலும் இதைத்தான் எழுதியிருப்பேன். ஒரு வசனம் மட்டும்: 'விண்ணப்பதாரி ஆறு மாதமும் தன் உரிமையின்மீது நித்திரை கொண்டுள்ளார்.' வழக்கமான சட்டப் பேச்சு. நானே எத்தனை பேருக்கு எதிராக எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

ஜெசிந்தா பிரதி கேட்டாள். வாங்கி மடித்து பொலித்தீன் பைக்குள் வைத்தாள். "போட்டு வாறன், சேர்." அவ்வளவுதான்.

பின்னேரம் தர்ஷினி சொன்னாள், விழாவுக்கு வந்த அந்த இரண்டு பெண்களும் சங்கத் தாளில் தங்கள் பெயரை வெட்டச் சொல்லிவிட்டார்களாம். மற்றவர்களும் கேட்பார்கள்.

இது நான் செய்தது. எழுதியே வைக்கிறேன். நான் செய்தது.

நவம்பர் 23, ஞாயிறு

வெயில் எட்டிப் பார்த்தது. தேவாலயத்தில் பூசை முடிகிற நேரம் பார்த்துக் குருநகர் போனேன். தர்ஷினிக்குச் சொல்லவில்லை.

சின்ன வீடு. மாதா படம். அதற்குப் பக்கத்தில் சுவர் மணிக்கூடு, தொழிற்சாலை கொடுத்தது. ஒரு நாளும் பிந்தாமல் வேலைக்கு வந்ததற்குப் பரிசு என்று கீழே எழுதியிருக்கிறது. இப்போது கரையில் ஒரு மீன்வாடியில் றால் கோது உடைக்கிறாளாம். விரலெல்லாம் வெட்டுக்காயம்.

"பிழை என்ரை, பிள்ளை. கோப்பு என்னட்டைத்தான் கிடந்தது."

"தெரியும், சேர்."

"மேன்முறையீடு செய்வம். நடந்ததை நானே சத்தியக்கடதாசியிலை எழுதிக் குடுக்கிறன்."

"எழுதினால் வேலை கிடைக்குமோ?"

பொய் வாய்வரை வந்தது. "கிடையாது. சட்டம் இடம் விடாது."

"அப்ப ஆருக்கு எழுதிறியள்?"

அவள் தந்த பிளேன்டீயைக் குடித்தேன். சீனி போட்டிருந்தாள், சொல்லாமல் குடித்து முடித்தேன். எனக்காகத்தான் எழுதப் பார்த்தேன். நல்லவனாகச் சாக ஒரு கடதாசி. அவள் கேட்டிருக்காவிட்டால் எனக்கே தெரிந்திராது.

கிளம்பும்போது படலையடியில் நிறுத்தினாள்.

"மகள் கட்டளையை வாசிச்சவள், சேர். அதிலை நான் நித்திரை கொண்டனான் எண்டு கிடக்காம். நாலு மணிக்கு எழும்பிச் சமைச்சு வைச்சிட்டு பஸ் ஏறினனான். ஒன்பது வருசம். ஒரு நாள் பஸ்ஸை விட்டது கிடையாது. அந்தச் சொல்லை மட்டும் வெட்டேலுமோ?"

"பாக்கிறன்" என்றேன். அழுகை வந்தது. குடையை விரித்துக்கொண்டேன், மழை இல்லாமலே.

நவம்பர் 25, செவ்வாய்

திரும்பவும் மழை. மேன்முறையீட்டுக்கு இன்னும் மூன்று கிழமைக்கு மேல் இருக்கிறது. மட்டையில் திகதி எழுதினேன், சிவப்பு மையில், இரண்டு பக்கமும்.

வழக்குக் கிடைக்காது. கட்டளையில் அந்தச் சொல்லை நீக்கும்படி மட்டும் கேட்கலாம். அதற்குச் சான்று என் சத்தியக்கடதாசி. புதுச் சான்றை ஏற்பார்களோ தெரியாது. சாட்சியானவன் அந்த வழக்கில் சட்டத்தரணியாகத் தோன்ற முடியாது. ஆகவே தர்ஷினிதான் பேச வேண்டும்.

நான் எழுதிய வரைவை வாசித்துவிட்டு, "உதை வைச்சு உங்களுக்கு எதிராய் ஆரும் முறைப்பாடு குடுக்கலாம், சேர்" என்றாள்.

"குடுக்கட்டும்."

"மலர் வந்து மூண்டு கிழமையாகேல்லை. ஊர் என்ன சொல்லும்?"

"பக்கம் மூண்டு பிழை எண்டு சொல்லும்."

அழுதாள். கடிதத் திகதியைப் பார்த்து எழுதியது தான்தானே, தன் பெயரைப் போடுங்கோ என்றாள். கையொப்பம் என்னுடையது, பேசாமல் இரும் என்று அதட்டினேன். பிறகு கோப்பை அவளிடம் கொடுத்தேன். மட்டை இன்னும் ஈரம்.

சரோவிடம் எல்லாம் சொன்னேன். "இப்பவாவது ஒழுங்காச் சாப்பிடுங்கோ" என்றாள்.

நவம்பர் 26, புதன்

மழை, காற்று. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள சத்தியப்பிரமாண ஆணையாளரிடம் போனேன். பழைய ஆள். இத்தனை வருடமும் நான் கூட்டிப்போன கட்சிக்காரர்கள் இருந்த மர வாங்கில் இன்று நான் இருந்தேன், மூன்றாவது ஆளாக. முன்னால் காணி உறுதிப் பத்திரம் தொலைத்த ஒருவர், பெயர் மாற்றம் ஒன்று.

அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி வாசித்தார். ஐந்து பந்தி. கடைசியில் நின்றுவிட்டார்.

5. ஆறு மாதமும் நித்திரை கொண்டவர் விண்ணப்பதாரி அல்லர். நானே.

"மற்ற நாலும் சரி, சேர். விசயம் அதுக்குள்ளையே வந்திட்டுது. உந்த அஞ்சாவதை எடுத்துவிடுவமே? சட்டத்துக்கு உது தேவையில்லை."

"அதுக்குத்தான் மற்ற நாலும்."

என்னை ஒருதரம் பார்த்தார். "அப்ப வாசிச்சு உறுதி சொல்லுங்கோ."

வாங்கில் இருந்தவர்கள் எல்லோரும் கேட்க வாசித்தேன். பேனையைத் தந்தார். முதலில் திகதியை எழுதினேன். பிறகு பெயரை.