தூங்கும் ஊரிலிருந்து எடுத்த புரோலோக்

ஜூலை 8, செவ்வாய்

மழை இல்லை. கிள்ளான் முழுக்கப் புகைமூட்டம். சீருடை துவைக்க வேண்டும்.

கணினிக் கழகத்திலிருந்து மாநிலப் போட்டிக்கு ஒருவர்தான். தேர்வு வெள்ளி, பள்ளி முடிந்ததும். சொந்த லாப்டாப், சொந்த நிரல். என்னுடையது அம்மா வேலை செய்யும் தொழிற்சாலையில் (தெலுக் பங்லிமா காராங் ஊரில்) கழித்துக் கட்டியது. எந்தப் புது மென்பொருளைப் போட்டாலும் ‘இடம் போதாது’.

கழகத் தலைவி ஷர்மினி அக்கா, படிவம் 5 மாணவி, அவரும் இந்தத் தேர்வில் போட்டி: “இத மியூசியத்துக்குக் குடு லா. நாங்க டிக்கெட் வாங்கிட்டு வந்து பாக்குறோம்.”

எல்லாரும் சிரித்தார்கள். நானும். நல்ல ஜோக்தான்.

யோசனை: புதியது ஓடாது. லாப்டாப்பைவிடப் பழையது ஓடுமே?

ஜூலை 9, புதன்

அதே புகை. தொண்டை கரகரப்பு.

நூலகத்தில் படித்தது: இணையத்தின் ஆரம்ப காலத்தில் பல்கலைக்கழகங்கள் மென்பொருளைப் பொதுக் கிடங்குகளில் போட்டு வைத்தன. யாரும் எடுக்கலாம். ஒரே கிடங்குக்குப் பல நாடுகளில் நகல்கள். சில இன்னும் உயிரோடு! நான் கண்டுபிடித்தது ஐரோப்பாவில் ஒன்று.

பிரவுசர் அதைத் திறக்க மறுத்தது. கறுப்புத் திரையில் கட்டளை தட்டித்தான் உள்ளே போக முடிந்தது. பெயர் கேட்டால் ‘பெயரிலி’ என்று ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். கடவுச்சொல்லாக மின்னஞ்சல் முகவரி, ஒரு மரியாதைக்கு. யாரும் சரிபார்ப்பதில்லையாம். உண்மையானதையே கொடுத்தேன்.

உள்ளே வரவேற்பு அறிவிப்பு. ‘எங்கள் ஊர் அலுவலக நேரத்தில் கோப்பு எடுக்காதீர்கள், இங்கே வேலை தடைபடும்.’ நான் பிறப்பதற்கு முன்பே எழுதியது. இன்னும் யாரும் அதை நீக்கவில்லை.

எனக்கு வேண்டியது புரோலோக் என்ற நிரல்மொழி. மாணவர்களுக்கு இலவசம் என்று குறிப்பு. இங்கே மாலை ஐந்து, அங்கே காலை பதினொன்று. காத்திருக்கிறேன்.

ஜூலை 10, வியாழன்

விடியற்காலையில் எழுந்து எடுத்தேன். பள்ளி முடிந்து வந்து திறந்தால் கோப்பு உடைந்திருந்தது. தவறு என்னுடையது. ‘இது மென்பொருள், அப்படியே கொடு’ என்ற கட்டளையை முதலில் தட்டியிருக்க வேண்டும். தட்டாததால் சாதாரணக் கடிதம் என்று நினைத்துக் கிடங்கு வரிகளைத் திருத்திக் கொடுத்துவிட்டது.

மறுபடி எடுக்கலாம் என்றால் அங்கே அலுவலக நேரம். நாளைக் காலை எடுத்தால் நிரல் எழுத நேரம் இல்லை.

அம்மாவுக்கு இன்று விடுமுறை. “யாரு வந்து பாக்கப் போறா? எடு லா.”

“எடுக்காதீங்கன்னு எழுதிப் போட்டிருக்காங்கம்மா.”

“உங்கப்பா நோ பார்க்கிங் போர்டுக்குக் கீழயே காரப் போடுவாரு. அவருக்குப் பொறந்த பிள்ளையா நீ?”

கோப்பு என் போனில் உள்ள ஒரு படத்தைவிடச் சின்னது. எடுத்தால் யாருக்கும் தெரியாதுதான். ஆனால் பெயரிலியாகப் போனாலும் போவது நான்தானே.

அறிவிப்பை மறுபடி, கடைசி வரி வரை படித்தேன். அடியில் நகல் கிடங்குகளின் பட்டியல்! அமெரிக்காவின் மேற்குக் கரையில் ஒன்று. இங்கே மாலை நாலரை. அங்கே நடு இரவு தாண்டி ஒன்றரை. ஊரே தூங்குகிறது!

குதித்தேன். “மெதுவா டி, கீழ் வீட்டு ஆன்டி ஏறி வந்துருவாங்க!”

இந்த முறை கட்டளை சரி. திறந்தது. ஒரு கேள்விக்குறி, பக்கத்தில் சின்னக் கோடு. என்ன கேட்கப் போகிறாய் என்று காத்திருந்தது.

புரோலோக்கில் தெரிந்ததையெல்லாம் சொல்லி வைத்துவிட்டுத் தெரியாததைக் கேட்கலாம். உறவுமுறைகளைச் சொல்லி வைத்தேன். கல்யாணத்தில் யாரை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் எல்லாரையும் அங்கிள், ஆன்டி என்கிறோமே, அதற்கு. தமிழைக்கூட ஆங்கில எழுத்தில்தான் காட்டும். பரவாயில்லை.

ஜூலை 11, வெள்ளி

வெயில்.

ஷர்மினி அக்கா கொண்டுவந்தது விளையாட்டு. கலர் கலராக. நன்றாகவே இருந்தது.

அடுத்து நான். கறுப்புத் திரை. வாணி டீச்சர் (கழகப் பொறுப்பாசிரியர்) கேட்டார்: “அம்மாவோட அக்கா வீட்டுக்காரர்?” பெரியப்பா. சரி.

ஷர்மினி அக்கா: “அப்பாவோட தங்கச்சி?” அத்தை.

“தப்பு! எங்க வீட்டுல மாமி.”

எல்லாரும் ‘ஓ...’ என்றார்கள். அக்காவின் அப்பா பிரிக்பீல்ட்ஸ்காரர், யாழ்ப்பாணக் குடும்பம். எனக்குத் தோன்றவே இல்லை.

“ஒரு நிமிஷம்க்கா.” பழையதை அழிக்கவில்லை. ஒரு வரி சேர்த்தேன். மறுபடி கேட்டேன். அத்தை. வேறு விடை உண்டா என்று கேட்டேன். மாமி.

“ரெண்டும் சரிக்கா. எந்த வீடுங்கறதப் பொறுத்து.”

அக்கா திரையையே பார்த்தார். “பரவால்ல லா இவ.”

மாநிலப் போட்டிக்கு என்று டீச்சர் பலகையில் எழுதியது என் பெயர்! முழுப் பெயர், அப்பா பெயரோடு.

அக்கா என் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். சித்தி, அண்ணி, மச்சான் என்று தன் சொந்தக்காரர்களையெல்லாம் கேட்டுக்கொண்டே இருந்தார். பின்னாலிருந்து ஒருத்தி: “நகருங்கக்கா, எங்க வீட்டாளுங்களக் கேக்கணும்!” அவளுக்குப் பின்னால் வாசல் வரை வரிசை.